வழிப் பங்கு

1987 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. விடியும் முன் எழுந்தேன். ஊற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்தேன். வகுப்பறையைப் பெருக்கினேன். கோவை இலையும் அடுப்புக் கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் பூசிக் காயவிட்டேன். இரவே தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சாமைச் சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டேன். மணி அடித்தது. ஐந்தாம் வகுப்பு, கணக்கு: பின்னம், திருப்புதல். மழை இல்லை.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அது எப்படிப்பட்ட வாரமாக ஆகப் போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து போக வேண்டிய ஒரு சிற்றூர் அது. ஈராசிரியர் பள்ளி. கடலூரில் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை. பயிற்சியில் பின்னத்துக்கு ஒதுக்கியது இரண்டே வகுப்பு. ஒரு ஆப்பிள் படம் வரைந்து நான்காகப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மலைக்குப் போய்ப் பார்த்தபோது அங்கே எந்தப் பிள்ளையும் ஆப்பிளைக் கண்ணால் பார்த்ததில்லை.

இப்போது பணி ஓய்வு பெற்று சங்கராபுரத்தில் இருக்கிறேன். போன மாதம் கவிதா வந்திருந்தாள். என்னோடு கடைசி நான்கு வருடம் வேலை பார்த்தவள். இப்போது மலைப்பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகிப் போகிறாள். அலைபேசியில் பின்னக் கணக்குப் பயிற்சி ஒன்றைக் காட்டினாள். பிள்ளை விடையைத் தொட்டால் சரிக்கு ஒரு மணியோசை, தப்புக்கு ஒரு உறுமல், உடனே அடுத்த கணக்கு.

“ஏன் அப்படிப் போட்டேன்னு கேக்குமா?” என்றேன்.

“அதெல்லாம் கேக்காது டீச்சர். ஆனா நம்மள மாதிரி மூச்சு வாங்காது” என்று சிரித்தாள். பிறகு, “மேல கரண்டும் கெடையாது, சிக்னலும் கெடையாதுன்றாங்க. நீங்க எப்டி டீச்சர் திருப்புதல் வெச்சீங்க?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தலைமையாசிரியர் ராமலிங்கம் சார் திருநாவலூர்க்காரர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. தலைமையாசிரியராக இருந்தும் என் வகுப்புக்குள் வருவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, “வரலாங்களா?” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பார். “வாங்க சார்” என்று அவர்கள் சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பார். பாராட்டவும் மாட்டார், கடிந்துகொள்ளவும் மாட்டார். கேள்விதான் கேட்பார்.

பின்னத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நூல், கொட்டை, சிலேட்டு. கையால் தொட்டுப் பார்த்ததைத்தான் பிள்ளை எழுத வேண்டும் என்பார்.

முதல் நாள் நூல். மூட்டை தைக்கும் சணலில் முழ நீளம் ஆளுக்கு ஒன்று. ஒரு மடி, அரை. இரு மடி, கால். இன்னொரு மடி, அரைக்கால். மடித்த இடத்தில் கரியால் புள்ளி வைக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்குத்தான் பாடு. பாம்பு வளைவது போல நூலை வளைத்து, மூன்று வரிசையும் ஒன்றாக நிற்கும்வரை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். “நாலு பெருசா மூணு பெருசா?” என்று கேட்டால் எல்லாரும் நாலு என்பார்கள். “அப்போ நாலுல ஒண்ணு பெருசா, மூணுல ஒண்ணு பெருசா?” என்றால் அதற்கும் நாலு என்பார்கள். அந்த இடத்தில் நான் பேசக் கூடாது. அவர்களே இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் புளியங்கொட்டை. ஆளுக்குப் பன்னிரண்டு. அதில் அரை ஆறு, கால் மூன்று, மூன்றில் ஒன்று நாலு. அரையையும் காலையும் கூட்டச் சொன்னால் சிலேட்டில் ஆறில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளை, கொட்டையை வைத்துக் கூட்டும்போது ஒன்பதை எண்ணிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள்தான் சிலேட்டு. அதற்கு ஒரு சட்டம் உண்டு. தப்பான விடையை, அது எப்படி வந்தது என்று பிள்ளை சொல்லி முடிக்கும்வரை ஈரத் துணியால் அழிக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பில் அப்போது ஆறு பேர். அதில் வெள்ளச்சி மட்டும் போன வருடமே ஐந்தாவது முடித்தவள். ஆறாம் வகுப்பு படிக்க மலையடிவாரத்து உறைவிடப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஜூனில் அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பழைய வகுப்பிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா காபித் தோட்ட வேலைக்கு ஏற்கெனவே போயிருந்தாள். மகளை அழைத்துக்கொண்டு அப்பா சடையனும் போவதாக இருந்தது. அப்படிப் போன பிள்ளைகள் யாரும் திரும்பிவந்து சிலேட்டு பிடித்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் கீழேயிருந்து ஆள் வந்து சொன்னார். உறைவிடப் பள்ளியில் ஒரு பெண் நின்றுவிட்டதால் ஒரு இடம் காலி. வியாழக்கிழமை கூட்டிவந்தால் அங்குள்ள தலைமையாசிரியர் வாய்க்கணக்குக் கேட்டுப் பார்த்துச் சேர்ப்பார்.

ராமலிங்கம் சாரும் நானும் சடையன் வீட்டுக்குப் போனோம். அவர் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“போய்ட்டு வரட்டும்” என்றார். “எடம் கெடைச்சா அங்கியே இருக்கட்டும். கெடைக்கலன்னா ஞாயித்துக்கெழம எங்கூட தோட்டத்துக்கு வந்துரணும். அப்பறம் என்ன வந்து கேக்கக் கூடாதுங்க.”

வெள்ளச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சிலேட்டு. பலகையில் எழுதினேன்: ஒரு மரவள்ளிக் கிழங்கை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?

ஆறு சிலேட்டும் உயர்ந்தன. ஆறிலும் நாலில் ஒன்று.

நூலிலும் கொட்டையிலும் தவறாத பிள்ளைகள். ஐந்து பேருக்கு என்று மாற்றிக் கேட்டேன். ஆறில் ஒன்று என்றார்கள். இரண்டு பேருக்கு? மூன்றில் ஒன்று. மறுநாள் கீழே போக வேண்டியவளும் அதையேதான் எழுதியிருந்தாள். என் கை ஈரத் துணிக்குப் போயிருந்தது.

“டீச்சரம்மா, துணிய கீழ வைங்க.” வாசலில் ராமலிங்கம் சார். “கேட்டீங்களா?”

வெள்ளச்சியைக் கேட்டேன்.

“மூணு பேருன்னா நாலாத்தான டீச்சர் வெட்டணும்?” அவளுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

“நாலாவது யாருக்கு?”

“வழிப் பங்கு.”

“அப்படின்னா?”

வகுப்பே சிரித்தது. “டீச்சருக்கு வழிப் பங்கு தெரியலடா!” என்று மாரி தரையில் கைதட்டினான். பிறகு ஆளுக்கு ஒரு வாயாகச் சொன்னார்கள். அந்த ஊரில் எதைப் பங்கு போட்டாலும் இருக்கிறவர்களைவிட ஒன்று கூடுதலாகத்தான் வெட்டுவார்கள். அந்த ஒன்று வழியில் வந்துகொண்டிருக்கிறவருக்கு. யார் என்று தெரிய வேண்டியதில்லை. விடியும்வரை யாரும் வரவில்லை என்றால் காலையில் இருக்கிறவர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

“நீங்க மொத மொதல்ல எங்க ஊருக்கு வந்தப்போ இன்னா துன்னீங்க?” என்று மாரி கேட்டான்.

எனக்கு நினைவிருந்தது. மழையில் நனைந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். நான் வருவது ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து உடனே ஒரு துண்டுக் கிழங்கு இலையில் வந்தது.

“அதான் டீச்சர் அது” என்றான்.

ராமலிங்கம் சார் “வரலாங்களா?” என்று கேட்டு உள்ளே வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “நாலுன்னு போட்டது சரிதான்” என்றார். “ஆனா இந்தக் கணக்க எழுதுனவரு வேற ஊர்க்காரரு. அவரு கணக்குல இருக்கறவங்க எல்லாரும் வூடு வந்து சேந்துட்டாங்க. வழியில ஒருத்தரும் இல்ல. இப்போ எத்தன வெட்டுவீங்க?”

“மூணு!”

“வழியில ஒருத்தரு இருக்காருன்னு கணக்குலயே சொல்லிட்டா?”

“நாலு!”

“அவ்ளோதான். கணக்கப் போடறதுக்கு முன்னாடி, எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாத்துக்கங்க.”

அதன் பிறகு பத்துக் கணக்கு போட்டோம். பத்தும் சரி. சிலேட்டுகளை அவர்களே அழித்தார்கள்.

வியாழக்கிழமை விடிகாலையில் வெள்ளச்சியும் நானும் கிளம்பினோம். அவள் கையில் ஒரு துணிப்பை. மாற்றுப் பாவாடை ஒன்று, சட்டை இரண்டு. இடுப்பில் செருகிய பாவாடை முனையில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை முடிந்து வைத்திருந்தாள். வெள்ளிமலைக்கு நடந்து, அங்கிருந்து ஜீப்பில் மலை இறங்கினோம். அடிவாரத்தைத் தாண்டியதும் ஜீப் நின்றது. சாலையின் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. வெட்டிய இடம் ஈரமாக, சிவப்பாக இருந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. சாலை மறியல் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் எங்கள் ஊருக்குச் செய்தித்தாள் வாரம் ஒருமுறைதான் வரும். மறியல் தொடங்கியது அன்றைக்குத்தான். மரத்துக்கு இந்தப் பக்கம் இருபது முப்பது பேர். அந்தப் பக்கம் ஒரு பஸ், ஆட்களோடு அப்படியே நின்றது. ஜன்னலில் ஒரு பெண் கைக்குழந்தைக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“வண்டி போவாதுங்க” என்றார் ஒருவர், தலையில் துண்டு கட்டியவர். “எங்க போய்க்கினு இருக்கீங்க?”

“இந்தப் பொண்ண ஸ்கூல்ல சேக்கணுங்க. இன்னைக்குக் கணக்குக் கேப்பாங்க. இன்னைக்கு விட்டா இடம் போயிடும்.”

“நடந்து போறவங்கள யாரு தடுத்தா? நாங்க ரோட்டுல ஒக்காந்திருக்கறதே புள்ளைங்க படிப்புக்குத்தான” என்றார். பிறகு வெள்ளச்சியைப் பார்த்தார். “இன்னா பாப்பா, கணக்கு வருமா? நூத்துக்கு இருவது கேக்குறோம். அப்டின்னா எவ்ளோ, சொல்லு.”

அவள் சதவீதம் படித்ததில்லை. விரலைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், வாய்க்குள் எண்ணினாள். “இருவது இருவதா வெச்சா அஞ்சு கூறு வருதுங்க. அஞ்சுல ஒண்ணு.”

“அவ்ளோதானா?” துண்டுக்காரருக்கு வாய் பிளந்துவிட்டது. “நான் என்னமோ ஜாஸ்தியாக் கேக்குறோம்னு நெனச்சிக்கினு இருந்தேன்!”

“காலைலேர்ந்து தொண்ட கிழியக் கத்துனியே, இன்னான்னு நெனச்சிக் கத்துன?” என்று இன்னொருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

பின்னால் நின்ற ஒரு இளைஞன், “மலைக்காரங்களுக்குத்தான் ஏற்கெனவே இருக்கே” என்றான்.

“எங்கங்க இருக்கு?” என்று வெள்ளச்சி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டாள். துண்டுக்காரர் அவளை அக்குளில் பிடித்துத் தூக்கி மரத்துக்கு அந்தாண்டை இறக்கிவிட்டார். “போய் நல்லா போடு கண்ணு” என்றார். எனக்கும் கை கொடுத்தார்.

ஜீப்காரர் அங்கேயே காத்திருப்பதாகச் சொன்னார். பஸ்ஸைக் கடந்தபோது வெள்ளச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியர் எரிச்சலில் இருந்தார். பிள்ளைகளுக்கான அரிசி லாரி எங்கேயோ மறியலில் மாட்டிக்கொண்டது. “இன்னும் ரெண்டு பேர் வரேன்னாங்க, வரல. அதுக்காக வந்த புள்ளைக்குத் தூக்கிக் குடுத்துட முடியாது. கேட்டுப் பாத்துட்டுத்தான்” என்று என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். குமாஸ்தா ஒருவர் மேசையோரம் உட்கார்ந்திருந்தார்.

அரையும் காலும் எவ்வளவு? முக்கால். மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா? மூன்றில் ஒன்று. பன்னிரண்டில் முக்கால்? ஒன்பது. நான் கதவை ஒட்டி நின்று மூச்சை விட்டேன்.

“ஒரு ரொட்டிய நாலு பேருக்குச் சமமா பங்கு போட்டா ஒருத்தருக்கு எவ்ளோ?”

முந்தின நாள் பத்து முறை போட்ட கணக்கு.

“சார்” என்றாள் கடைசியில். “வழியில யாராச்சும் இருக்காங்களா?”

“இன்னா கேள்வி இது?”

“நேத்து யாரும் இல்லன்னு எங்க சார் சொன்னாங்க. இன்னைக்கு இருக்காங்க சார். மரத்துக்கிட்ட ஒரு பஸ் நிக்குது. கைக்கொழந்தையோட ஒரு அக்கா இருக்காங்க.”

எனக்கு உள்ளே ஓடிப்போய் விளக்கிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளே சொன்னாள். வழிப் பங்கு என்றால் என்ன, ஏன் கேட்டேன் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். குமாஸ்தா, “நம்ம அரிசி லாரியும் வழியிலதான் சார் இருக்கு” என்றார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“சரி. வழியில ஒருத்தரு இருக்காரு. அப்போ?”

“அஞ்சுல ஒண்ணு சார். இல்லன்னா நாலுல ஒண்ணு.”

“அந்த ஆளு வரவே இல்ல. இன்னா பண்ணுவீங்க?”

“காலைல நாலு பேரும் அதப் பங்கு போட்டுக்குவாங்க.”

“அப்போ ஒருத்தருக்கு மொத்தத்துல எவ்ளோ வந்துது?”

ஐந்தில் ஒன்றை நான்காகப் பிரித்து, அதை மறுபடி ஐந்தில் ஒன்றோடு கூட்ட வேண்டும். பின்னத்தை வகுப்பது எங்கள் பாடத்திலேயே இல்லை.

வெள்ளச்சி தரையில் உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். கதவிடுக்கில் பார்த்தேன். ஐந்து கொட்டை வைத்தாள். நாலைத் தள்ளி வைத்தாள், மிச்சம் ஒன்று. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொட்டையை வெட்ட முடியாது. எல்லாவற்றையும் கலைத்தாள். இம்முறை ஒவ்வொரு கொட்டை இருந்த இடத்திலும் நான்கு நான்காக வைத்தாள். ஐந்து கூறு, ஆக இருபது. நாலு கூறை நாலு பேருக்குத் தள்ளினாள். ஐந்தாவது கூறைக் கையில் எடுத்து ஆளுக்கு ஒன்றாக வைத்தாள். எண்ணினாள்.

“ஒருத்தருக்கு அஞ்சு சார். இருவதுல அஞ்சு.” கொஞ்ச நேரம் கொட்டைகளையே பார்த்தாள். “கால் சார்! மொதல்ல வந்த அதே கால்தான்.”

“அதனால?”

“வழிப் பங்கு எடுத்து வெச்சதால யாருக்கும் கம்மியாவல சார்.”

பிறகு தலைமையாசிரியர் குமாஸ்தாவிடம், “பேர எழுதுங்க” என்றார். அவளிடம், “துணி கொண்டாந்திருக்கியாம்மா?” என்று கேட்டார்.

விடைபெறும்போது அவள் அழவில்லை. “அப்பாகிட்ட சொல்லுங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். கொட்டைகளை மறுபடி முடிந்துகொண்டிருந்தாள்.

திரும்பும்போதும் மரம் அங்கேயேதான் கிடந்தது. பஸ் அங்கேயேதான் நின்றது. கைக்குழந்தைப் பெண் இறங்கி மறியல்காரர்களோடு நிழலில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த கூழைக் குடித்துக்கொண்டிருந்தாள். “இடம் கெடச்சிதா?” என்று துண்டுக்காரர் தூரத்திலிருந்தே கேட்டார். தலையாட்டினேன். அவர் கையை உயர்த்தினார்.

இருட்டுவதற்குள் ஊர் வந்து நேராகச் சடையன் வீட்டுக்குப் போனேன். அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, இரண்டாக வெட்டியது. ஒரு பாதியை அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். மற்றதை வாழையிலையால் மூடி வைத்திருந்தார்.

“சேத்துக்கிட்டாங்க” என்றேன்.

அவர் என் பின்னால் பாதையைப் பார்த்தார். யாரும் இல்லை. “அங்கியே இருந்துட்டாளா?”

“ஆமாங்க, இருந்துட்டா.”

மூடி வைத்திருந்த அந்தப் பாதியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். வழியில் வந்தவள் நான்தானே. ஆனால் அது யாருக்காக வைத்தது என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு என் அறைக்கு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மணி இன்னும் அடிக்கவில்லை. வாசலில் சடையன் நின்றார். அவர் அதுவரை பள்ளிக்கு வந்ததே இல்லை. கையில் வாழையிலைப் பொட்டலம்.

“வரலாங்களா?” என்றார். ராமலிங்கம் சார் அப்படிக் கேட்பதை மகள் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

“வாங்க” என்றார்கள் பிள்ளைகள்.

“விடிஞ்சிடிச்சி. அவ வரல” என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். “காலைல பங்கு போடணுங்க. வூட்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஒருத்தனுக்கு எப்டிப் பங்கு போடறது? புள்ளைங்களுக்குக் குடுத்துருங்க.”

கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஐந்தாம் வகுப்பில் இப்போது ஐந்து பேர். கிழங்கை மாரியின் கையில் கொடுத்து, “சமமா வெட்டு” என்றேன். நூலை எடுத்தான். அளந்தான். மடித்தான். நுனி மெலிந்திருப்பதால் அங்கே கொஞ்சம் நீளமாக விட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரியால் புள்ளி வைத்து, மெதுவாக வெட்டினான்.

ஆறு துண்டுகள். ஐந்தை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஆறாவதை இலையில் சுற்றி, பாதை தெரிகிற ஜன்னல் கட்டையில் வைத்தார்கள்.

வாசலில் ராமலிங்கம் சார் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில், அன்றைய முதல் கணக்கின் விடையாக, ஆறில் ஒன்று என்று எழுதினேன்.